கண்ணாடி பாட்டில் சப்ளையரை எப்படி பிடிக்கிறது? மூடியில இருந்து ஆரம்பிங்க

எண்ணெய், சீரம், கிரீம், சாஸ்னு ஏதோ ஒண்ணை சின்ன அளவுல தயாரிச்சு கண்ணாடியில அடைச்சு விக்கலாம்னு இறங்குறவங்க முதல்ல பண்ற வேலை, அழகான பாட்டில் படமா தேடி சேவ் பண்ணி வைக்கிறது. அப்புறம் அந்தப் படத்தை நாலு சப்ளையருக்கு அனுப்பி "இது இருக்கா, என்ன ரேட்"னு கேக்கிறது. நாலு பேரும் நாலு விதமா பதில் சொல்லுவாங்க, எதை எதோட ஒப்பிடுறதுன்னே தெரியாது. என் சப்ளையர் செட் ஆகி ஓடிட்டு இருக்கிற இந்த நேரத்துல யோசிச்சா, சரியான வரிசை இதுதான்: முதல்ல பொருள், அடுத்து மூடி, அதுக்கப்புறம் பாட்டில், கடைசியிலதான் சப்ளையர். அந்த வரிசையிலயே போவோம். லைசென்ஸ், லேபிள் டிசைன் எல்லாம் இங்க வராது, அது தனிக் கதை.

படி 1: பொருளைப் பத்தி நாலு வரி

பேப்பர்ல எழுதுங்க, மொபைல்ல வேணாம், சப்ளையரோட பேசும்போது கண்ணு முன்னாடி இருக்கணும். சூடா நிரப்புறீங்களா, ஆறின பிறகா? எண்ணெய்ப் பசை உண்டா? புளிப்பா? வெளிச்சம் பட்டா கெடுமா? ஒரு பாட்டில்ல எத்தனை மில்லி?

வெளிச்சத்துல கெடும்னா ஆம்பர் கலர், அதாவது அந்த மருந்து பாட்டில் பழுப்பு. புற ஊதாக் கதிரை நல்லா தடுக்கிறது அதுதான். நீலமும் பச்சையும் பாக்க நல்லா இருக்கும், ஆனா அந்த அளவுக்குத் தடுக்காது. இன்னொரு விஷயம், கண்ணாடி உலையை வருஷக்கணக்கா அணைக்கவே மாட்டாங்க, ஒரு உலையில கலர் மாத்தணும்னா நாள்கணக்குல ஆகும். அதனால அதிகம் ஓடாத கலரை ஃபேக்டரி எப்பவாவது ஒரு தடவைதான் ஓட்டும். நீங்க ஆசைப்பட்ட நீலம் தீந்துடுச்சுன்னா அடுத்த ரன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் ஓட்டு கிளியர், இல்லன்னா ஆம்பர், அவ்வளவுதான்.

படி 2: மூடி, கழுத்து (இங்க கொஞ்சம் நிதானமா படிங்க)

எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான், எனக்கும் அதிக நேரம் இங்கதான் போச்சு. ஒருத்தர்கிட்ட பாட்டில் வாங்குறோம், 38 எம்எம் வாய்னு சொல்றாரு. இன்னொருத்தர்கிட்ட மூடி வாங்குறோம், அவரும் 38 எம்எம்னுதான் சொல்றாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஆனா மூடி உக்காராது. ஏன்னா ஒண்ணு தொடர்ச்சியா மரை சுத்தி வர்ற வகை, இன்னொண்ணு கால் சுத்து திருப்பினாலே லாக் ஆகுற ட்விஸ்ட் ஆஃப் வகை. விட்டம் ஒண்ணா இருந்தாலும் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

பாட்டில் வாயில மரை இருக்கிற அந்தப் பகுதிக்கு இந்தத் தொழில்ல ஃபினிஷ்னு பேரு. அதுக்கு ரெண்டு நம்பர் இருக்கும், 28-400, 28-410, 28-415 இப்படி. முன்னாடி வர்றது விட்டம், மில்லிமீட்டர்ல. பின்னாடி வர்றதுதான் மரை எப்படி இருக்குங்கிற கணக்கு: 400னா ஒரு சுத்து, 410னா ஒன்றரை சுத்து, 415னா ரெண்டு சுத்து. சுத்து கூடக் கூட கழுத்து உயரமும் கூடும். இப்ப 410 மூடியை 400 பாட்டில்ல போட்டா என்ன ஆகும்னு பாருங்க. மூடி அழகா சுத்தும், டைட்டா நிக்கிற மாதிரியும் இருக்கும், ஆனா மூடியோட கீழ் விளிம்பு பாட்டில் தோள்ல போய் இடிச்சு நின்னுடும், மூடிக்கு உள்ள மெத்தை மாதிரி இருக்கிற வட்டம், அதாவது லைனர், பாட்டில் வாயைத் தொட்டிருக்கவே செய்யாது. நேரா நிக்கும்போது ஒண்ணும் தெரியாது, பார்சல்ல படுக்க வச்சா ஒழுகும்.

சொட்டு சொட்டா விடுற டிராப்பர் பாட்டில் வாங்குறவங்களுக்கு இன்னொரு பொறி இருக்கு. டி.ஐ.என். 18ன்னு ஒரு ஐரோப்பிய அளவு, 18-415ன்னு ஒரு அமெரிக்க அளவு, ரெண்டையும் கடையில "18 எம்எம் டிராப்பர்"னுதான் சொல்லுவாங்க. ஒண்ணு இன்னொண்ணுக்குப் போடாது.

அதனால ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் வாங்கிடுங்க. மெட்டல்ல வாங்குங்க, பிளாஸ்டிக் காலிப்பர் வளையும், எனக்கு அதுல நம்பிக்கையே கிடையாது. அளக்க வேண்டியது நாலு இடம்:

- மரையோட வெளி விட்டம், பாட்டில் வரைபடத்துல டி (T)ன்னு போட்டிருக்கும்
- மரையை விட்டுட்டு கழுத்தோட வெளி விட்டம், அது இ (E)
- வாய்க்கு உள்ளே இருக்கிற விட்டம், அது ஐ (I)
- வாய் விளிம்புல இருந்து தோள் வரைக்கும் உயரம், அது ஹெச் (H)

28ன்னு வாங்கின பாட்டில்ல டி அளவு 27.4ன்னு காட்டினா பயப்படாதீங்க, அது சரிதான். அந்த 28ங்கிறது பேருக்குச் சொல்ற அளவு, காலிப்பர் காட்டுறது அதைவிட கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்.

மரை வச்ச கண்ணாடி ஜாடிக்கு ஜான் லாண்டிஸ் மேசன் பேட்டன்ட் வாங்கினது 1858ல. இத்தனை காலம் ஆகியும் இந்த மரை விஷயம் உலகம் பூரா ஒண்ணா ஆகல, நாம என்ன பண்றது.

லைனர் பத்தி ஒரு வார்த்தை. மூடிக்கு உள்ள இருக்கிற அந்த மெத்தை மாதிரி வட்டம்தான் சீல் பண்றது, மூடி இல்ல. எண்ணெய்ப் பசை உள்ள பொருள்னா அதைத் தெளிவா சொல்லி "இதுக்கு ஏத்த லைனர்தானா"ன்னு எழுத்துல வாங்குங்க, ஏன்னா சில லைனர்ல அது மெத்துன்னு இருக்கிறதுக்காகச் சேக்கிற பிளாஸ்டிசைசர்ங்கிற பொருள், எண்ணெய்ல கரைஞ்சு உங்க சரக்குக்குள்ள இறங்கும். முடிஞ்ச வரைக்கும் பாட்டிலும் மூடியும் ஒரே சப்ளையர்கிட்ட வாங்குங்க. ரெண்டு காசு கூடப் போனாலும் பரவாயில்ல, ஒழுகினா "பாட்டில்தான் தப்பு", "இல்ல மூடிதான் தப்பு"ன்னு ரெண்டு பேரும் கைகாட்டிட்டு இருப்பாங்க, நடுவுல நாம நிக்கணும்.

படி 3: ஃபேக்டரியா, டிரேடரா?

சின்ன வியாபாரம்னா டிரேடர்தான், யோசிக்கவே வேணாம். ஃபேக்டரி பேலட் கணக்குல, லாரி கணக்குலதான் பேசும். டிரேடர் பெட்டி கணக்குல குடுப்பாரு. சொந்த மோல்டு போட்டு தனி ஷேப் பண்ணலாம்னு யாராவது ஆசை காட்டினா இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடுங்க, மோல்டு செலவு, குறைஞ்சபட்ச ஆர்டர் ரெண்டும் கழுத்தைப் பிடிக்கும். ஸ்டாக் பாட்டிலையே எடுத்து லேபிள்ல, மூடி கலர்ல வித்தியாசம் காட்டுங்க.

டிரேடர்கிட்ட வாங்கும்போது ஒரே ஒரு ஆபத்து, இந்த தடவை ஒரு ஃபேக்டரி சரக்கு, அடுத்த தடவை வேற ஃபேக்டரி சரக்கு, பாக்க ஒரே மாதிரி இருக்கும். அதனால பாட்டிலோட டிராயிங் நம்பரைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஆர்டர்லயும் அந்த நம்பரைப் போட்டே ஆர்டர் பண்ணுங்க. டிராயிங்கே இல்லன்னு சொல்றவங்க கிட்ட நான் வாங்கறதில்ல.

படி 4: சாம்பிள் வந்ததும் வீட்டுலயே பண்ற டெஸ்ட்

ஒரு சாம்பிள் வாங்காதீங்க, அது பொறுக்கி எடுத்து அனுப்பினதா இருக்கும். ஒரு டஜனாவது கேளுங்க, அதுவும் வேற வேற மோல்டு நம்பர்ல. பாட்டில் அடியிலயோ அடிப்பக்க ஓரத்துலயோ சின்னதா நம்பரோ புள்ளி வரிசையோ இருக்கும், அதுதான் எந்த மோல்டுல இருந்து வந்துச்சுங்கிற அடையாளம். ஒரு மெஷின்ல நிறைய மோல்டு ஒரே நேரத்துல ஓடும், அதுல ஒண்ணு மட்டும் கெட்டுப் போயிருக்கலாம். பின்னாடி கம்ப்ளைன்ட் பண்ணும்போது "மோல்டு 7 பாட்டில்ல மட்டும் வாய் கோணல்"னு சொல்லிப் பாருங்க, பேச்சே மாறிடும்.

கொள்ளளவு: 0.1 கிராம் காட்டுற தராசு போதும். காலி பாட்டிலை வச்சு ஜீரோ பண்ணி, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க, எத்தனை கிராமோ அத்தனை மில்லி. இது முழுக் கொள்ளளவு. சப்ளையர் 100 மில்லின்னு சொன்னது இதையா, இல்ல மேல இடம் விட்டு நிரப்புற அளவையான்னு கேட்டுக்குங்க. முழுக் கொள்ளளவே 100தான்னா அதுல 100 மில்லி அடைச்சு மூட முடியாது.

ஆட்டம்: ஒரு கண்ணாடித் தகடு மேல பாட்டிலை நிக்க வச்சு லேசா தட்டுங்க. ஆடுச்சுன்னா அடி சமமா இல்ல.

ஒழுகல்: கலர் தண்ணி ஊத்தி மூடி, டிஷ்யூ பேப்பர் மேல ராத்திரி பூரா தலைகீழா வைங்க. பிளாஸ்டிக் மூடியை எவ்வளவு முறுக்கணும்னு கேட்டா, மூடியோட மில்லிமீட்டர் விட்டத்துல பாதி, இன்ச் பவுண்டுல (முறுக்கு விசையை அளக்கிற அலகு), இது தொழில்ல ஓடுற தோராயக் கணக்கு. 28 மூடிக்கு 14, அதாவது சுமார் 1.6 நியூட்டன் மீட்டர்.

சூடு: சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி பாட்டிலை வழக்கமா 42 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் தாங்குதான்னுதான் பாப்பாங்க, அதுக்கு ஏ.எஸ்.டி.எம். சி149, ஐ.எஸ்.ஓ. 7459ன்னு முறை இருக்கு. வீட்டுல பண்றதுன்னா 65 டிகிரி தண்ணியில 5 நிமிஷம் முழுசா முக்கி வச்சு, உடனே 23 டிகிரி தண்ணிக்கு மாத்துங்க. கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ் கட்டாயம், உடைஞ்சா சிதறும். சூடா நிரப்புறவங்க இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது, 85 டிகிரியில இருக்கிறதை ஏசி ரூம்ல குளிர்ந்து கிடக்கிற பாட்டில்ல நேரா ஊத்தக் கூடாது, பாட்டிலை முதல்ல வெதுவெதுப்பாக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இது. லேப்டாப் எல்சிடி ஸ்கிரீனை முழு வெள்ளையாக்கி, போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கையில பிடிச்சு ஸ்கிரீன் இருட்டாகுற வரைக்கும் திருப்புங்க. இப்ப ரெண்டுக்கும் நடுவுல பாட்டிலைப் பிடிங்க. ஃபேக்டரியில கண்ணாடியை மெதுவா, சரியா ஆற வச்சிருந்தா பெரும்பாலும் இருட்டாவே இருக்கும். உள்ளுக்குள்ள இறுக்கம் இருந்தா அந்த இடம் மட்டும் வெள்ளையா, சில சமயம் கலரா பளிச்னு தெரியும். லேசா எங்கயாவது வெளுத்திருந்தா விடுங்க, அடிப்பக்கம் வட்டமா பட்டையா தெரிஞ்சா சப்ளையர்கிட்ட கேளுங்க, ஏன்னா அந்த பாட்டில் தட்டினாலே போயிடலாம்.

படி 5: எழுத்துல வாங்க வேண்டியது

ரேட்டை பாட்டில் விலையா ஒப்பிடாதீங்க. பாட்டில், மூடி, பேக்கிங், லாரி வாடகை, உடைசல் எல்லாம் சேத்து உங்க கதவு வரைக்கும் வந்து சேர்ற நல்ல பாட்டில் ஒண்ணுக்கு எவ்வளவுன்னு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போடுங்க. உடைசல் யார் தலையில, எத்தனை நாளுக்குள்ள சொல்லணும், போட்டோ போதுமா, இதெல்லாம் பணம் போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க.

அடுத்து குறைபாட்டு அளவு. ஏ.க்யூ.எல்.னு ஒரு முறை, அதாவது எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கிற எல்லை, ஐ.எஸ்.ஓ. 2859-1ல அட்டவணை இருக்கு. உதாரணத்துக்கு 3,000 பாட்டில் வந்தா சாதாரண நிலையில 125 எடுத்துப் பாக்கணும், ஏ.க்யூ.எல். 1.0ன்னு பேசியிருந்தா 3 வரைக்கும் கெட்டது இருந்தா ஏத்துக்கலாம், 4 ஆனா லாட்டையே, அதாவது வந்த மொத்தச் சரக்கையே திருப்பலாம். ஆனா இது கோணல், அளவு மாறினது மாதிரி குறைக்குத்தான். வாயில விரிசல், உள்ள கண்ணாடித் துணுக்கு, ஒரு சுவர்ல இருந்து எதிர்ச் சுவருக்கு நூல் மாதிரி கண்ணாடி இழை ஓடுறது, இதுல ஒண்ணு கண்ணுல பட்டாலும் அந்த லாட்டை நிறுத்திடுங்க. சாப்பிடுற பொருளோ தோல்ல தடவுற பொருளோ, இதுல விட்டுக் குடுக்கவே கூடாது. "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்"னு சொல்ற சப்ளையர் எவ்வளவு இனிமையா பேசினாலும் அடுத்தவரைப் பாருங்க.

அப்டேட் 1: லேபிள் உரியுதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பசையை மட்டும் திட்டாதீங்க. பாட்டில் ஒண்ணோட ஒண்ணு உரசி கீறல் விழாம இருக்க, ஃபேக்டரியில கடைசியில மேல ஒரு மெல்லிய வழுவழு பூச்சு அடிப்பாங்க, பெரும்பாலும் பாலிஎத்திலீன். அது சில பசையை ஒட்ட விடாது. சப்ளையர்கிட்ட பூச்சு என்னன்னு கேட்டு லேபிள்காரர்கிட்ட சொல்லுங்க, இல்லன்னா பாட்டிலையே லேபிள்காரருக்கு அனுப்பி ஒட்டிப் பாக்கச் சொல்லுங்க. குளிர்ந்த குடோன்ல இருந்து எடுத்து வந்த உடனே ஒட்டினாலும் உரியும், பாட்டில் வேர்க்கும், ஒரு ராத்திரி அதே ரூம்ல கிடக்கட்டும்.

அப்டேட் 2: புது பாட்டில்தானே, கழுவணுமான்னு ஒருத்தர் கேட்டாரு. கழுவணும். புதுசுன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல, அட்டைத் தூசி உள்ள இருக்கும்.

அப்டேட் 3: பாட்டில்ல வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி இருக்கு, தொடைச்சாலும் போகலன்னு வந்த கேள்விக்கு. ஈரமான இடத்துல ரொம்ப நாள் அடைஞ்சு கிடந்தா கண்ணாடியில இருக்கிற சோடியம் மேற்பரப்புக்கு வந்து அப்படி ஆகும். ஆரம்ப நிலையில கழுவினா போயிடும், முத்திப் போச்சுன்னா கண்ணாடியே அரிச்சுப் போயிருக்கும், அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. இனிமே ஆர்டர் போடும்போது எப்ப தயாரான சரக்குன்னு கேளுங்க, பெரும்பாலும் பேலட் ஸ்டிக்கர்லயே தேதி இருக்கும், அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா போதும்.