மெக்கர் ரீடிங்கை எப்போது நம்பலாம்? கப்பல் மோட்டார்களின் இன்சுலேஷன் சோதனை

மெக்கர் என்பது இன்சுலேஷனின் ரெசிஸ்டன்ஸை மெகாஓமில் அளக்கும் கருவி. 440 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் டிசி மெக்கர் போதும். பிரேக்கரை இறக்கி, பூட்டி, டேக் மாட்டி, சப்ளை இல்லை என்று டெஸ்டரால் பார்த்த பிறகே கைவையுங்கள். டிரைவில் (வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் கருவி) ஓடும் மோட்டாராக இருந்தால் கேபிளை டிரைவிலிருந்து கழற்றியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் டிரைவ் போய்விடும். மோட்டாரின் கம்பிச் சுருளில் (வைண்டிங்) வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர் இருந்தால் அதன் முனைகளைச் சேர்த்து எர்த்தில் கட்டுங்கள்.

எர்த் கிளிப் மாட்டும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் ரீடிங் பொய்யாகப் பிரமாதமாக வரும். சுரண்டி மாட்டுங்கள். மோட்டார் பாடியின் வேறொரு வெற்று உலோக இடத்தில் மெக்கரின் லைன் முனையைத் தொட்டால் பூஜ்யம் காட்டவேண்டும்.

முதலில் ஸ்டார்ட்டரிலிருந்து, கேபிளையும் சேர்த்து, 1 நிமிடம் அளந்து குறியுங்கள். குறைவாக வந்தால் மோட்டார் பக்கம் கேபிளைப் பிரித்து வைண்டிங்கைத் தனியே அளங்கள். விண்ட்லாஸ் (நங்கூரம் தூக்குவது), மூரிங் வின்ச் (கப்பலைக் கட்டும் கயிற்றை இழுப்பது) போன்ற டெக் மோட்டார்களில் பல சமயம் வைண்டிங் நன்றாகவே இருக்கும். கேபிள் நுழையும் கிளாண்ட் வழியே தண்ணீர் புகுந்து டெர்மினல் போர்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, மறுபடி அளங்கள். அதற்கு முன் ரீவைண்டிங் பேச்சே வேண்டாம்.

வெப்பநிலையையும் எழுதுங்கள். வைண்டிங் 10 டிகிரி சூடேறினால் ரீடிங் ஏறத்தாழ பாதியாகும்: 30 டிகிரியில் 20 மெகாஓம் என்றால் 40 டிகிரியில் 10. இந்த ரக மோட்டார்களுக்கு 40 டிகிரியில் 5 மெகாஓம் வேண்டும் என்கிறது மோட்டார் இன்சுலேஷன் சோதனைக்கான ஐ.இ.இ.இ. 43 தரநிலை. 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் ஓட்டாதீர்கள். மூன்று சோதனைகளில் 200, 80, 15 என்று சரியும் மோட்டார், எப்போதும் 8-ல் நிற்கும் மோட்டாரைவிட ஆபத்தானது.

பவ் த்ரஸ்டர் (கப்பலின் முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுவது) போன்ற பெரிய மோட்டாருக்கு 10 நிமிட ரீடிங்கை 1 நிமிட ரீடிங்கால் வகுத்துப் பாருங்கள். 2-க்கு மேல் நல்லது. 1-ஐ ஒட்டி வந்தால் ஈரம் அல்லது அழுக்கு. சோதித்த நேரத்தைப்போல நான்கு மடங்கு, அதாவது 40 நிமிடம், வைண்டிங்கை எர்த் செய்துவையுங்கள்.

ஈரம் என்றால் முதலில் ஸ்பேஸ் ஹீட்டரை (நிற்கும் மோட்டாரை ஈரமின்றி வைக்கும் ஹீட்டர்) சந்தேகியுங்கள். மோட்டார் நிற்கும்போது கிளாம்ப் மீட்டரில் ஹீட்டரின் கரண்ட் காட்டவேண்டும். உலர்த்தும்போது வைண்டிங் 90 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி இன்சுலேஷனைப் பிளந்துவிடும். சூடேறும்போது ரீடிங் முதலில் இறங்கும், பிறகுதான் ஏறும். பதறி நிறுத்தாமல் மணிக்கொரு முறை குறியுங்கள்.

மெயின் சுவிட்ச்போர்டின் இன்சுலேஷன் மானிட்டர் அமைதியாக இருக்கிறது என்று ஸ்டாண்ட்பை பம்பை விட்டுவிடாதீர்கள். மோட்டாருக்கு சப்ளை தரும் சுவிட்சான கான்டாக்டர் திறந்திருக்கும்வரை அந்த வைண்டிங் மானிட்டரின் கண்ணில் படாது.