ஹீட் பம்ப் வைக்க கவுன்சில் அனுமதி வேண்டுமா? நான் தடுமாறிய இடங்கள்

பழைய கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி) மாட்ட எங்களுக்கு நான்கு நாள்தான் ஆனது. அதற்கு பிளானிங் பெர்மிஷன், அதாவது கவுன்சிலின் கட்டுமான அனுமதி, வேண்டுமா என்று தெளிவதற்கு ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. அந்த ஒன்றரை மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இது. இங்கிலாந்தில் வீடு இருப்பவர்களுக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

படி 1: உங்கள் வீட்டுக்கு அந்த உரிமை இருக்கிறதா?

பெரும்பாலான வீடுகளுக்கு விண்ணப்பமே தேவையில்லை. ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ என்று சட்டமே முன்கூட்டி அனுமதித்துவிட்ட வேலைகளில் இதுவும் ஒன்று. இந்த வேலைகளைப் பட்டியலிடும் 2015 அரசாணையின் 14ஆம் பகுதியில் ‘கிளாஸ் ஜி’ என்று தேடினால் கிடைக்கும்.

லிஸ்டட் கட்டடம் (பாரம்பரியச் சிறப்புக்காகச் சட்டம் பாதுகாப்பது) என்றால் இந்தச் சலுகை இல்லை, கவுன்சிலிடம் போய்த்தான் ஆக வேண்டும். கன்சர்வேஷன் ஏரியா (பழைய தோற்றம் மாறாமல் பாதுகாக்கப்படும் பகுதி) என்றால் தெருவைப் பார்த்த சுவரில் மாட்ட முடியாது, வீட்டைவிடத் தெருவுக்கு நெருக்கமாகவும் வைக்க முடியாது. புது எஸ்டேட் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்ட அனுமதி கொடுத்தபோதே இந்த உரிமைகளைச் சில கவுன்சில்கள் பறித்திருக்கும். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, பழைய அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 2: அளவு

வெளியே வைக்கும் யூனிட் 1.5 கன மீட்டருக்குள் இருக்க வேண்டும். தனி வீட்டுக்கு இரண்டு யூனிட் வரை வைக்கலாம், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய செமி, டெரஸ் வீடுகளுக்கு ஒன்றுதான். சாய்வுக் கூரையில் கூடாது. தட்டைக் கூரை என்றால் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

2025 மே 29க்கு முன் எழுதிய எதையும் நம்பாதீர்கள். அன்றுவரை வீட்டுக்கு 0.6 கன மீட்டர்தான், எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். அந்த ஒரு மீட்டர் விதி இப்போது இல்லை. எனக்கு விலை சொல்ல வந்த ஒருவர்கூட அதையே சொல்லித் தோட்டத்தின் நடுவே கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

படி 3: சத்தம்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எம்சிஎஸ் என்பது ஹீட் பம்ப் போன்றவற்றை நிறுவுபவர்களுக்குச் சான்று தரும் அமைப்பு; அதன் ‘எம்சிஎஸ் 020’ என்ற தரத்தின்படி சத்தத்தைக் கணக்கிட வேண்டும். பக்கத்து வீட்டில் ஆட்கள் புழங்கும் அறையின் (ஹால், படுக்கையறை போன்றவை) சன்னலுக்கு ஒரு மீட்டர் வெளியே 37 டெசிபலைத் தாண்டக்கூடாது. (பழைய கணக்கில் 42 என்று இருக்கும். முறையே மாறிவிட்டது, இரண்டையும் கலக்காதீர்கள்.) இது முழுக்கக் காகிதக் கணக்கு. ஃபோனில் டெசிபல் ஆப் இறக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். தூரத்தை அளக்க ஒரு லேசர் மீட்டர் போதும். வேலிக்கு மேலே இஞ்ச் டேப் பிடித்து நான் பட்ட பாடு வேண்டாம்.

யூனிட்டின் கையேட்டில் பெரிய எழுத்தில் ‘40 டெசிபல்’ என்று போட்டிருந்தது. அதிலிருந்து, எம்சிஎஸ் அட்டவணையில் தூரத்துக்குக் கழிக்கச் சொன்ன 14ஐக் கழித்தேன், 26 வந்தது. ஆகா, முடிந்தது வேலை என்று டீ குடிக்கப் போய்விட்டேன். அந்த 40 மூன்று மீட்டர் தள்ளி நின்று அளந்த ஒலி அழுத்தம். தூரத்தை ஏற்கெனவே கழித்துவிட்ட எண்ணில் நான் மறுபடியும் கழித்திருக்கிறேன். கணக்குக்கு வேண்டியது ஒலித் திறன், அதாவது பட்டியலில் ‘எல்டபிள்யூஏ’ என்று சின்னதாக இருப்பது. என் யூனிட்டுக்கு அது 58.

சரி, மறுபடியும் போடுவோம். யூனிட்டை வைக்க நினைத்தது பின்சுவரும் சமையலறைச் சுவரும் சேரும் மூலையில். அங்கிருந்து பக்கத்து வீட்டுச் சன்னல் பக்கம் நான்கு மீட்டர். தரையோடு சேர்த்து மூன்று பரப்புகள் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் 14தான் குறையும்: 44. இடையில் பலகை வேலி இருக்கிறதே, அதற்கு எவ்வளவு? யூனிட் உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டியை வைத்து அதன் மேல் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தலையை ஒரு சாண் தூக்கியதும் சன்னல் பக்கம் தெரிந்துவிட்டது. வேலி முழுக்க மறைத்தால் 10 கழிக்கலாம்; 25 சென்டிமீட்டர் நகர்ந்தால் தெரிகிறது என்றால் 10 கிடையாது, 5தான். ஆக 39. இரண்டு டெசிபலில் தோல்வி.

யூனிட்டை மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் நகர்த்தினேன். சன்னலுக்குத் தூரம் ஏறக்குறைய அதே நான்கு மீட்டர்தான், ஆனால் இப்போது தரையும் பின்சுவரும் மட்டுமே, 17 குறைகிறது. 58லிருந்து 17, அப்புறம் வேலிக்கு 5. மீதி 36. தப்பித்தோம்.

இந்தக் கணக்கை நிறுவுபவரும் போட்டுத் தருவார். அரசு தரும் 7,500 பவுண்டு பாய்லர் அப்கிரேட் மானியத்துக்கு எம்சிஎஸ் சான்று பெற்றவர்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால் அந்தத் தாள் எப்படியும் வரும். இருந்தாலும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்.

படி 4: சான்றிதழ்

கட்டாயமில்லை. ஆனாலும் இந்த வேலை சட்டப்படி சரிதான் என்று கவுன்சில் எழுதித் தரும் ‘லாஃபுல் டெவலப்மென்ட் சர்ட்டிஃபிகேட்’ நான் வாங்கினேன். நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்டால் எடுத்து நீட்டலாம். கட்டணம் முழு விண்ணப்பத்தில் பாதி. 2025 ஏப்ரலில் முழுக் கட்டணம் 528 பவுண்டு ஆனது. கணக்கு தேறவே இல்லை என்றால் முழு விண்ணப்பம்தான், முடிவுக்கு எட்டு வாரம்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு இருவர் கேட்டார்கள். ஃபிளாட் என்றால்? அங்கே 0.6 கன மீட்டர் வரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) என்றால் ஃப்ரீஹோல்டரின், அதாவது கட்டடத்தின் உரிமையாளரின், சம்மதம் தனி, அதற்கும் கவுன்சிலுக்கும் தொடர்பில்லை. இன்னொருவருக்கு எல்லாம் சரியாக வைத்தும் பக்கத்து வீட்டார் புகார் செய்திருக்கிறார்கள். 37க்குள் இருந்தாலும் சத்தத் தொல்லை என்று கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு வந்து விசாரிக்கலாம். அவருடைய யூனிட்டின் சத்தத்துக்குக் காரணம் மின்விசிறி இல்லை, யூனிட்டுக்கு அடியில் ரப்பர் பாதம் போடாமல் விட்டதால் வந்த அதிர்வு.