மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தெம்பு மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசதிக்கு ஏதாவது கொடுங்கள் என்று மருந்துக்கடையில் கேட்டால், முன்பெல்லாம் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் அட்டை கிடைக்கும். இன்று அதே கேள்விக்குக் கோஎன்சைம் க்யூ10, எல்-கார்னிடைன், ஆல்ஃபா லிபோயிக் அமிலம், பி3 வைட்டமினைச் சார்ந்த என்எம்என் என்று ஒரு நீண்ட வரிசை காத்திருக்கிறது. செல்லுக்குள் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டிவிட்டால் சோர்வு நீங்கிவிடும் என்பதே இவை அனைத்தின் பொதுவான வாக்குறுதி.

இவற்றின் விளம்பரங்கள் சொல்லும் உயிர்வேதியியல் பெரும்பாலும் உண்மையானது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் கிரேன் மாட்டின் இதயத் தசையிலிருந்து பிரித்தெடுத்த க்யூ10, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்கிறது. கார்னிடைன் இல்லாவிட்டால் நீண்ட கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய முடியாது. தயாமின் என்னும் பி1 இல்லாவிட்டால், சர்க்கரையிலிருந்து கிடைக்கும் பைருவேட் அடுத்த கட்டத்துக்குப் போகாது. இத்தனையும் சரி. ஆனால் உப்பில்லாமல் குழம்பு இல்லை என்பதற்காக, உப்பைக் கூட்டக் கூட்டக் குழம்பு ருசிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. குறைபாடு உள்ளவருக்கு இச்சத்துகள் பெரும் பலன் தரும்; குறைபாடில்லாத உடலில் அதே மாத்திரை ஆற்றல் உற்பத்தியைக் கூட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

குறைபாடு தீரும்போது என்ன நிகழும் என்பதற்குப் தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோயின் வரலாறே போதும். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் உண்ட கோழிகளின் கால்கள் துவண்டுபோவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் 1890களில் ஜாவாவில் கவனித்த டச்சு மருத்துவர் ஐக்மான், அதற்காக 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயாமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசி உண்பவர்களிடம் இந்நோய் குறைவாக இருந்தது என்பது நம் அடுக்களைக்குப் பெருமை சேர்க்கும் செய்தி.

எனவே முதன்மையான தவறு, சோர்வுக்குக் காரணம் தேடாமல் மாத்திரையைத் தேடுவது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து ஹீமோகுளோபினுக்கு மட்டுமன்றி, மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கடத்தும் புரதங்களுக்கும் வேண்டும் என்பதால், இரும்பு குறைந்த ஒரு பெண்ணுக்கு விலையுயர்ந்த க்யூ10 வாங்கிக் கொடுப்பது பொருளற்ற செலவு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்குப் பி12 குறையலாம். தைராய்டு சுரப்புக் குறைவும், குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் தூக்கமும் இதே அசதியைத் தரும். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்க்க ஆகும் செலவு, பல வேளைகளில் ஒரு மாத க்யூ10 டப்பாவின் விலையை ஒட்டியே இருக்கும். இரும்பு மாத்திரையையும் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது. தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணுவைச் சுமப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலும் இரும்பு போதிய அளவில் இருக்கக்கூடும்.

அடுத்த தவறு, நோயாளிகளிடம் கிடைத்த முடிவைத் தனக்கும் பொருத்திப் பார்ப்பது. 2014இல் வெளியான க்யூ-சிம்பியோ ஆய்வில், இதயச் செயலிழப்பு உள்ள 420 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான மருந்துகளுடன் நாளொன்றுக்கு 300 மி.கி. க்யூ10 இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டது; மற்றவர்களுக்குப் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. க்யூ10 பெற்றவர்களிடம் இதயம் சார்ந்த பெரும் பாதிப்புகள் குறைந்தன. அது நல்ல செய்திதான், ஆனால் மாலையில் களைத்து வீடு திரும்பும் நாற்பது வயதுக்காரரைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், தொடக்கநிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 600 பேரிடம் 1200, 2400 மி.கி. என்ற பெரிய அளவுகளில் க்யூ10 சோதிக்கப்பட்டும் பலன் தெரியாததால் சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. விற்பனைத் துண்டறிக்கைகள் முதல் ஆய்வை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன.

நம் ஊரில் மிகுதியாகக் காணப்படுவதும், அதிகம் பேசப்படாததுமான தவறு, ஒரே சத்தை இரண்டு மூன்று பெயர்களில் விழுங்குவது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போகிறது என்று சொல்பவருக்கு மருத்துவர் எழுதித் தரும் நரம்பு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: மீதைல்கோபாலமின், ஆல்ஃபா லிபோயிக் அமிலம், ஃபோலிக் அமிலம், பென்ஃபோடயமின், பைரிடாக்சின் என்று பொடி எழுத்தில் நிரம்பியிருக்கும். இவற்றில் பென்ஃபோடயமின் என்பது தயாமினின் ஒரு வடிவம். பைரிடாக்சின் என்பது பி6. இதோடு வீட்டில் ஏற்கெனவே ஒரு மல்டிவைட்டமின், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பிய மைட்டோகாண்ட்ரியா கலவை என்று சேரும்போது, பி6 மட்டும் மூன்று வழிகளில் உள்ளே போகிறது. நாள்பட அளவு மீறிய பி6 கை கால்களின் உணர்வு நரம்புகளைப் பாதிக்கும். எந்த மரத்துப்போதலுக்காக மாத்திரை தொடங்கப்பட்டதோ அதையே அது உண்டாக்கும், நோய் முற்றிவிட்டது என்று எண்ணி அளவைக் கூட்டுபவர்களும் உண்டு. ஒரு நாள் தேவை 2 மி.கி.க்கு உட்பட்டது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான உச்சவரம்பை 12 மி.கி. என்று குறைத்தது. ஆல்ஃபா லிபோயிக் அமிலமும் இருமடங்கானால், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. ஆகவே மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பிற மருந்துகளோடு மோதுவதைக் கவனிக்காதிருப்பதும் ஆபத்தானது. க்யூ10 வேதியமைப்பில் வைட்டமின் கே-யை ஒத்திருப்பதால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களிடம் அம்மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். கார்னிடைன் இதற்கு நேர்மாறாக அவ்வகை மருந்துகளின் வேகத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் உள்ளன. வலிப்பு வரலாறு உள்ளவர்கள் கார்னிடைனை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் ரத்தத்தில் க்யூ10 அளவையும் குறைப்பது உண்மை, ஆனால் ஸ்டாட்டினால் வரும் தசைவலிக்கு க்யூ10 உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இந்த முரணைக் காரணமாக்கி ஸ்டாட்டினைத் தாமாகவே நிறுத்திவிடுவதுதான் மிகக் கேடான முடிவு.

ரத்தப் பரிசோதனைக்கு முன் சப்ளிமென்ட் பற்றிச் சொல்லாமல் விடுவதும் உண்டு. பயோட்டின் என்னும் பி7 வைட்டமினின் அன்றாடத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. இது சில ஆய்வக முறைகளில் தைராய்டு முடிவுகளையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் முடிவையும் தவறாகக் காட்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்தது. தசை வலுவுக்கென்று விற்கும் கிரியேட்டின் எடுப்பவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தும் கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். உண்மையைச் சொல்லிவிட்டால் வீண் பதற்றத்தைத் தவிர்க்கலாம்.

உட்கொள்ளும் முறை பற்றி ஒரே ஒரு குறிப்பு: க்யூ10 கொழுப்பில் கரைவது. காலையில் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே போகும்; இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடும் வேளையில் எடுப்பது அதைவிட மேல்.

உடற்பயிற்சிக்குப் பதிலாக மாத்திரை என்று நினைப்பதும், பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை அள்ளிப் போட்டுக்கொள்வதும் ஒரே தவறின் இரு முகங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி 1967இல் ஓடப் பழக்கிய எலிகளின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிச் செயல்பாடு ஏறக்குறைய இருமடங்காவதைக் காட்டினார். இதற்கு ஈடான மாத்திரை இன்னும் கடைக்கு வரவில்லை. 2009இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்விலோ, பயிற்சியின்போது நாள்தோறும் 1000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் எடுத்த இளைஞர்களுக்கு, பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் உணர்திறன் மேம்பாடு கிடைக்காமல் போயிற்று. பயிற்சியின்போது உருவாகும் சிறிதளவு ஆக்சிஜனேற்ற அழுத்தமே தசைக்குப் புதிய மைட்டோகாண்ட்ரியா தேவை என்று உணர்த்தும் குறிப்பாக இருப்பதால், அதை முற்றிலும் அணைத்துவிடுவது நன்மையல்ல.

இவற்றில் எதுவும் பிறவியிலேயே மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. மரபணுக் குறையால் க்யூ10 உடலில் உருவாகாத குழந்தைகளில் சிலருக்கு அதைப் பெரிய அளவில், சீக்கிரமே தொடங்குவது நோயின் போக்கையே மாற்றக்கூடியது. கார்னிடைன் கடத்தலில் குறையுள்ளவர்களுக்குக் கார்னிடைன் உயிர்காக்கும் மருந்து. அவர்களுக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவை, பொதுவான கட்டுரை எதையும் படித்துவிட்டுக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.