திப்புவின் துப்பாக்கியை எப்படிப் பார்ப்பது?

மியூசியத்தில் தங்க வேலை செய்த துப்பாக்கி என்றால் எல்லோருக்கும் கண் பளபளப்பில்தான் போகும். நகைப் பட்டறையில் வளர்ந்த எனக்கும் அப்படித்தான். ஆனால் திப்பு சுல்தானுக்காகச் செய்தது என்றால் முதலில் புலி வரிகளைத் தேடுங்கள். நெளிந்த சின்னச் சின்ன வரிகள்; பப்ரி என்பார்கள். குழலிலோ, பூட்டிலோ (மருந்தைப் பற்றவைக்கும் பொறி), மரக்கட்டையிலோ இருக்கும். சிலவற்றில், தீப்பொறிக்கான சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் பாகமே புலியாக இருக்கும்.

அப்புறம் தங்கம். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்றால் விளக்கு கூசாது. பள்ளம் வெட்டிக் கம்பியை அடித்து இறக்கினால் நன்றாக நிற்கும். இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் கம்பியை அழுத்திப் பிடிக்க வைப்பது கோஃப்த்காரி. அது தேயும், தேய்ந்த இடத்தில் கீறல் தெரியும். கை படும் இடத்தில்கூடத் தங்கம் மங்கவில்லையா? தர்பாருக்குச் செய்த சாமான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆண்டில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். 1222 என்றிருந்தால் ஹிஜ்ரி என்று நினைத்துக் கணக்குப் போடுவார்கள், 1807 வரும். திப்புவோ 1799 மே 4 அன்றே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்துவிட்டார். போலியோ என்று பயப்பட வேண்டாம். அது நபிகளின் பிறப்பிலிருந்து எண்ணும்படி அவரே கொண்டுவந்த மௌலூதி ஆண்டு. 571 கூட்டுங்கள், 1793 வரும். மார்ச் வாக்கில் பிறக்கும் ஆண்டு என்பதால் 1793-94 என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய நாணயங்களில் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதியிருப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

இனி, கோட்டையைப் பிடித்து எடுத்துப்போன ஆங்கிலேயர்களின் அடையாளம். பிற்பாடு அடித்த வெள்ளித் தகடோ, ஆங்கில எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் குடும்பத்திடமிருந்து மியூசியத்துக்கு வந்தது என்பதையும் படியுங்கள். திப்பு இறந்தபோது சென்னை கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ். அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த போவிஸ் கோட்டையில், வேல்ஸில், திப்புவின் கூடாரமே இருக்கிறது.

பக்கத்துப் பெட்டியில் ஸ்ரீரங்கப்பட்டணம் மெடல் இருந்தால் விட்டுவிடாதீர்கள். வென்ற படைக்காக பர்மிங்ஹாமில் அடித்தது. சிங்கம் புலியை அமுக்குகிறது. மேலே கொடியில் அரபி வாசகம், 'அசதுல்லாஹ் அல்-காலிப்', இறைவனின் சிங்கமே வெல்லும் என்று. திப்புவின் ஆயுதங்களில் புலி முக வடிவில் எழுதியிருப்பதும் இதே வாசகம்தான். அங்கே சிங்கம் நபிகளின் மருமகன் ஹஸ்ரத் அலி. மெடலிலோ இங்கிலாந்து.