எட்டாம் அறைக்கு 108 என்று எண் கொடுக்காதீர்கள்: எக்ஸ்டென்ஷன்களை மொத்தமாக ஏற்றும்போது நடக்கும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. சுவர்களின் கனத்துக்கு வைஃபை போன் சரிவராது என்பதால் அறைக்கு அறை கேபிள் இழுத்து ஐபி போன் வைத்தோம். சர்வரில், உள் அழைப்புகளையும் வெளி அழைப்புகளையும் இணைக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற மென்பொருள். எக்ஸ்டென்ஷன்களை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய உள் எண்களை, ஒவ்வொன்றாக உருவாக்கப் பொறுமையில்லை. மொத்தமாக ஏற்றுவதற்கென்று அதிலேயே இருக்கும் பல்க் ஹேண்ட்லரில், ஒரே சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஏற்றினேன். பத்து நிமிட வேலை. சரிசெய்ய இரண்டு நாள்.

பெரிய தவறு, அறை எண்ணையே எக்ஸ்டென்ஷனாக வைத்தது. வளவு அறைகளுக்கு 101 முதல் 112 வரை கொடுத்தேன். பார்க்க அழகுதான். ஆனால் 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 பொது அவசர எண். சர்வர் முதலில் உள் எண்களைத்தான் பார்க்கும். அங்கே இருந்துவிட்டால் வெளி லைனுக்கே போகாது. ஒரு நாள் சமையல் அண்ணன் கையில் எண்ணெய் தெறித்து 108 அடித்தார். எட்டாம் அறையில் தூங்கிக்கொண்டிருந்த விருந்தாளி எடுத்து, "யாருங்க?" என்றார். நல்லவேளை, காயம் சின்னது. நான்கு இலக்கமாக, 2101 என்று தொடங்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. இரண்டு இலக்கமும் வேண்டாம்: 70 முதல் 78 வரை வழக்கமாகக் கால் பார்க்கிங்குக்கு, அதாவது அழைப்பை நிறுத்திவைத்து வேறு போனில் எடுப்பதற்கு, போய்விடும்.

அடுத்து எக்செல். சிஎஸ்வியை அதில் அப்படியே திறந்தால் எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். எங்கள் ஊர் எஸ்டிடி கோடு 04565 இப்படித்தான் 4565 ஆனது. 91 சேர்த்த 12 இலக்கக் கைபேசி எண் 9.19E+11 என்று மாறி, அப்படியே சேமிக்கவும் ஆகிவிடும். அந்தப் பத்திகளை (நெடுவரிசைகளை) டெக்ஸ்ட் வகையாக இறக்குமதி செய்யுங்கள். லிப்ரெஆபீஸில் திறந்தாலும், திறக்கும்போது வரும் பெட்டியில் அவற்றுக்கு டெக்ஸ்ட் வகையையே தேர்ந்தெடுங்கள்.

பழைய சர்வரின் கோப்பை ஏற்றுகிறவர்கள் டெக் என்ற பத்தியையும் பார்க்க வேண்டும். போன் எந்த டிரைவர் வழியாகச் சர்வரோடு பேசும் என்பதை அதுதான் சொல்லும். ஃப்ரீபிபிஎக்ஸுக்கு அடியில் ஓடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளின் 21-ஆம் பதிப்பிலிருந்து, ஐபி போன்களுக்கான பழைய சிப் டிரைவர் கிடையாது, பிஜேசிப் என்ற புதியது மட்டும்தான்.

கடவுச்சொல் விஷயத்தில் சோம்பல் கூடாது. 2101-க்கு 2101 என்றே கடவுச்சொல் கொடுத்துக் கீழே வரை இழுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐபி போன்கள் சர்வரோடு பேச வழக்கமாகப் பயன்படும் 5060 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால், இப்படிப்பட்ட எண்களைத்தான் திருடர்கள் முதலில் முயல்வார்கள். பிறகு ராத்திரி முழுக்க உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். அந்தச் சிஎஸ்வி கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லும் வெளிப்படையாக இருக்கும். வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் இருப்பதை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதுவே பேக்கப், பத்தித் தலைப்புகளுக்கு மாதிரியும் அதுதான். இரண்டே வரிகளை ஏற்றிப் பேசிப் பாருங்கள், அப்புறம் மீதி. கடைசியில் அப்ளை கான்ஃபிக் பொத்தானை அழுத்தாவிட்டால் ஏற்றியது திரையில் தெரியும், போனுக்கு வராது. இதற்காகவே அரை நாள் கேபிளைச் சோதித்தவன் நான்.

எண்களை மாற்றிய பிறகும் ஒன்றைக் கோட்டைவிட்டேன். அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த பழைய பட்டியலைக் கிழிக்கவில்லை. அறை சுத்தம் செய்யும் அக்கா, எட்டாம் அறைக்குப் பேச 108 அடித்திருக்கிறார். இந்த முறை ஆம்புலன்ஸ்காரர்களே எடுத்து, என்ன அவசரம் என்று கேட்டார்களாம். "துண்டு கேட்டீங்களே, எத்தனை வேணும்?" என்றாராம் அக்கா.