தாம்பாளத்தில் ஒரு பழ மயில்: கத்திரி வெயிலிலும் கலையாமல் செய்வது எப்படி

எங்கள் வீட்டில் அக்கா மகளின் பிறந்த நாள் மே மாதம் நடுவில் வரும். ஊரிலிருந்து சித்தி, மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் விடுமுறைக்கு வந்திருப்பார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். கேக் பெயருக்கு இருக்கும். சென்னை வெயிலுக்கு க்ரீம் யாருக்கும் இறங்காது. அதனால் நான்கு வருடமாகப் பழத்திலேயே ஒரு மயில் செய்து நடுவில் வைக்கிறேன், பிள்ளைகள் கேக்கை விட்டுவிட்டு அதைத்தான் சுற்றி நிற்கிறார்கள்.

செய்வது கஷ்டமில்லை. கத்தி வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எதிரி ஒன்றுதான், தண்ணீர். வெட்டிய பழம் நீர் விடும், அந்த நீர் பக்கத்துப் பழத்தில் இறங்கும், கால் மணி நேரத்தில் மயில் தோகை வழுக்கிக்கொண்டு தட்டின் ஒரு பக்கம் சரியும். முதல் வருடம் எனக்கு அதுதான் நடந்தது: நன்றாகப் பழுத்த மல்கோவாவும் பப்பாளியும் போட்டிருந்தேன், ருசியில் குறையில்லை, ஆனால் ஆட்கள் மாடி ஏறி வருவதற்குள் மஞ்சள் சாறு ஓடி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. இரவு முழுக்க அது மனதில் உறுத்தியது. கீழே சொல்வதில் பாதி அதிலிருந்து கற்றது.

முதலில் பழம் தேர்வு. அலங்காரத் தட்டுக்கு ருசி மட்டும் போதாது, வெட்டினால் வெட்டின வடிவத்தில் நிற்க வேண்டும். மாம்பழத்தில் பங்கனப்பள்ளிதான் என் தேர்வு. நார் இல்லை, சதை கெட்டி, துண்டு போட்டால் ஓரம் கூர்மையாக நிற்கும், மே மாதத்தில் தாராளமாகக் கிடைக்கும். கிளிமூக்கும் நன்றாக நிற்கும், இனிப்பு கொஞ்சம் குறைவு. மல்கோவாவையும் இமாம் பசந்தையும் தட்டில் வைக்காதீர்கள், அவை தனியாகக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட வேண்டிய பழங்கள். ஒரு நாள் முன்னதாகவே வாங்கி, லேசாக அழுத்தினால் மெத்தென்று இறங்காமல் ஆனால் வாசனை வந்திருக்கும் பக்குவத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரே சீரான மஞ்சள், காம்புப் பக்கம் வாசனையே இல்லை என்றால் கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்கவைப்பதற்கு நம் நாட்டில் தடை இருக்கிறது, இருந்தாலும் நாமும் மூக்கால் ஒரு தடவை பார்த்து வாங்குவது நல்லது.

தர்பூசணி கோடையில் திண்டிவனம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வரும். தரையில் பட்ட இடம் வெள்ளையாக இல்லாமல் நல்ல மஞ்சளாக இருக்கிற காயாகப் பாருங்கள். அளவுக்குக் கனமாகவும் இருக்க வேண்டும். கிர்ணிப் பழம் ஒன்று, கால் கிலோ வெள்ளரிப் பிஞ்சு, விதையில்லாத கருப்புத் திராட்சை அரை கிலோ, ஒரு மாதுளை. நாசிக் பக்கத்துத் திராட்சை மே மாதத்தில் முடியும் தறுவாயில் இருக்கும், கிடைக்காவிட்டால் கம்பம் பன்னீர்த் திராட்சை எப்போதும் உண்டு. ஆனால் அதை வெட்டாதீர்கள், விதை இருக்கும், தோல் கழன்று வந்துவிடும். முழுசாகத்தான் வைக்க வேண்டும்.

வாழைப்பழம், ஆப்பிள் இரண்டையும் நான் தட்டில் சேர்ப்பதில்லை. வெட்டியதும் காற்றுப் பட்டுக் கருத்துவிடும். அன்னாசி எனக்குப் பிடித்த பழம்தான், ஆனால் சாறு அதிகம், சின்னக் குழந்தைகளுக்கு நாக்கு அரிக்கும், அது பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

இருபத்தைந்து பேருக்கு என்றால் ஆளுக்கு 150 கிராம் வீதம் வெட்டிய பழம் ஏறக்குறைய 4 கிலோ வேண்டும், தோல் கொட்டை எல்லாம் போக அவ்வளவு வர 7 கிலோ வாங்குங்கள். 18 அங்குலத் தாம்பாளத்தில் இதில் பாதிதான் அடங்கும். மீதியை அதே மாதிரி வெட்டி டப்பாவில் குளிரவைத்துவிடுங்கள், தட்டு காலியாகக் காலியாக நிரப்பலாம்.

இப்போது மயிலின் நீலம். பழத்தில் நீலம் எங்கே இருக்கிறது? கடையில் விற்கும் சாயத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை, ரொம்ப நாள் யோசித்து வேலியில் பூத்திருந்த சங்குப்பூவில் வந்து நின்றேன். மருந்து அடிக்காத நீலச் சங்குப்பூ இருபது எடுத்து, அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டு மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் ஆழ்ந்த நீலம் இறங்கிவிடும். வடிகட்டி ஆறவிட்டு, அதில் இளநீர்த் தேங்காயின் கெட்டி வழுக்கையைப் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவிட்டால் காலையில் மயில் கழுத்து தயார். கரண்டியில் வழித்தால் வரும் இளசு வேண்டாம், இளநீர்க்காரரிடம் ‘கொஞ்சம் முற்றினது, வழுக்கை கெட்டியா இருக்கணும்’ என்று கேட்டு வாங்கி, இரண்டாகப் பிளந்து, வழுக்கை கிழியாமல் கரண்டியை ஓரத்தில் விட்டுச் சுற்றி மெதுவாகத் தூக்குங்கள். ஊறவைப்பதற்கு முன்பே ஒரு பாதியைக் கழுத்தும் தலையுமாக, கேள்விக்குறி மாதிரி வளைத்து வெட்டிவிடுங்கள். தேங்காய்க்கு இயல்பாகவே ஒரு குழிவு உண்டு இல்லையா, அதைக் கவிழ்த்து வைத்தால் மயிலின் நெஞ்சு தானாகவே புடைத்து நிற்கும். இது எனக்கே எதிர்பாராமல் கிடைத்த அழகு.

ஒரு எச்சரிக்கை: அந்த நீரில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. புளிப்பு பட்டால் சங்குப்பூ நீலம் ஊதாவாக மாறிவிடும். இதே காரணத்துக்காகத்தான் பேரிக்காயையும் விட்டேன், பழத்துக்குள்ளேயே புளிப்பு இருக்கிறது. நுங்கிலும் முயற்சி செய்தேன், தட்டில் ஒரு இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பிறந்த நாள் அன்று மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் போதும். எல்லாப் பழத்தையும் வெட்டுவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், தோலைத்தான் தூக்கிப் போடப் போகிறோமே என்று தர்பூசணியையும் கிர்ணியையும் விட்டுவிடாதீர்கள், தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கிர்ணியின் சொரசொரப்பான தோலை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். மாம்பழம் அரை மணி நேரம் தண்ணீரில் கிடந்து பால் போகட்டும், அப்புறம் துடைத்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். குளிர்ந்த மாம்பழம் இறுகியிருக்கும், கத்திக்கு நன்றாக வளைந்து கொடுக்கும்.

தர்பூசணியை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு முக்கோணத் துண்டுகளாகப் போடுங்கள். அடிப்பகுதி ஐந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். பச்சைத் தோலை அரை சென்டிமீட்டர் விட்டுவையுங்கள், தோகைக்குப் பச்சை விளிம்பும் ஆச்சு, பிள்ளைகள் பிடித்துச் சாப்பிடப் பிடியும் ஆச்சு. வெட்டியதைப் பெரிய சல்லடையில் பரப்பி இருபது நிமிடம் வடியவிடுங்கள். கீழே எவ்வளவு நீர் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் நான் ஏன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று புரியும், ஒரு டம்ளர் தேறும். மாம்பழத்தின் இரண்டு கன்னங்களையும் சீவி எடுத்து, தோலை உரித்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் படகு மாதிரி நீளத் துண்டுகள். கிர்ணியும் அப்படியே. வெள்ளரிப் பிஞ்சை வட்ட வட்டமாக, திராட்சையை நீளவாக்கில் பாதியாக. எல்லாவற்றையும் பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி, ஒவ்வொரு பழத்தையும் தனித்தனி டப்பாவில் அடியில் துணி போட்டு அடுக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். உப்போ சர்க்கரையோ தூவாதீர்கள், இரண்டுமே நீரை வெளியே இழுக்கும். மிளகாய்த்தூள் உப்பு வேண்டுபவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

ஐந்தேகால் மணிக்கு அடுக்க உட்காருங்கள். வாழையிலையை அடுப்பு அனலில் லேசாக வாட்டினால் கிழியாமல் தாம்பாளத்தின் வளைவுக்குப் படியும். தட்டின் நடுவிலிருந்து இரண்டு விரல் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, அங்கிருந்து மேல்நோக்கி மூன்று அரைவட்டங்கள், கோலத்துக்குக் கோடு இழுப்பது மாதிரி, ஈர்க்குச்சியின் முனையால் இலையில் மெல்லக் கீறுங்கள். கீறல் கருத்துத் தெரியும், பழம் வைத்தால் மறைந்துவிடும். கோலம் போட்டுப் பழகியவர்களுக்குக் கை தானாகப் போகும், வீட்டில் பாட்டி இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி, உள்வரிசை வெளிவரிசையின் காலைக் கொஞ்சம் மறைக்க வேண்டும். முதல் வரிசை தர்பூசணி, பச்சை விளிம்பு வெளியே பார்த்தபடி, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி நிற்க, பதினாறு பதினெட்டுத் துண்டுகள் பிடிக்கும். இரண்டாவது மாம்பழம், கூர்முனை வெளியே. ஒவ்வொரு மாம்பழத் துண்டின் தலையிலும் ஒரு வெள்ளரி வட்டம், அதன் நடுவில் பாதித் திராட்சை, வெட்டுப்பக்கம் கீழே. அதுதான் மயில் கண். பதினைந்து கண் வரிசையாக உட்கார்ந்ததும் தட்டு சட்டென்று மயிலாகிவிடும், அந்த நிமிடத்துக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும். கிவிப் பழம் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்பார்கள், இருக்கும்தான், ஆனால் கோடையில் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி குளிர்ச்சி அதில் இல்லை. மூன்றாவது வரிசை கிர்ணி. அதற்கு உள்ளே மாதுளை முத்தை அள்ளி நிரப்புங்கள்.

இப்போது நடுவில் நீல வழுக்கைக் கழுத்து. துணியில் நன்றாக ஒற்றிவிட்டு, மாதுளைப் படுக்கையின் மேல் கவிழ்த்து வையுங்கள். மாதுளைச் சாறு பட்டால் ஓரம் ஊதாவாகும், அதனால் உடையாத முத்தாகப் பொறுக்கிப் போடுவது முக்கியம். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் பாதித் திராட்சைகளைச் செதில் மாதிரி அடுக்கினால் உடம்பு. மூக்குக்கு மாம்பழத் துண்டின் ஒரு கூர்முனை. கண்ணுக்குக் கருப்புத் திராட்சைத் தோலில் ஒரு பொட்டு, மிளகு வேண்டாம், யாராவது கடித்துவிடுவார்கள். கொண்டைக்குத் திராட்சைக் கொத்தின் காம்பைப் பாருங்கள், அதன் நுனிக் கிளைகள் மூன்று மூன்றாகப் பிரிந்து மயில் கொண்டை போலவே இருக்கும். கழுவி, ஒரு துண்டு எடுத்து வழுக்கையில் சின்ன ஓட்டை போட்டுச் செருகிவிடுங்கள். பல்குத்தும் குச்சி எங்கேயும் குத்தாதீர்கள். மாடியில் ஓடிக்கொண்டே சாப்பிடும் பிள்ளைகள் வாயில் குச்சி வேண்டாம். நாலைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுத் திராட்சையும் கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

தட்டை மாடிக்கு எடுத்துப் போகும்போது அதைவிடப் பெரிய தட்டம் ஒன்றில் ஐஸ்கட்டி பரப்பி, மேலே தாம்பாளத்தை வையுங்கள். மெல்லிய ஈரத் துணியோ வலை மூடியோ போட்டால் ஈ வராது. நேரம் மட்டும் கண்டிப்பு: வெட்டிய பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். கத்திரி வெயில் காலத்தில் சென்னை சாயங்காலம் அந்தக் கணக்கில்தான் வரும். தர்பூசணியிலும் கிர்ணியிலும் புளிப்பு இல்லாததால் கிருமி வேகமாகப் பெருகும், அவைதான் முதலில் கெடும். ஆறேகாலுக்கு வைத்தால் ஏழேகாலுக்கு மிச்சத்தை எடுத்துவிடுவேன். வெளியே இருந்ததைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுப்பதில்லை, டப்பாவில் குளிர்ந்திருப்பதைப் புதிதாகக் கொண்டுவருவேன்.

வெட்டும்போது ஒதுங்கியவை நிறைய இருக்கும், வீணாக்காதீர்கள். தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் சுரைக்காய் மாதிரியே இருக்கும். மாங்கொட்டையில் ஒட்டியிருக்கும் சதையோடு மறுநாள் மோர்க்குழம்பு. விருந்தாளிகள் பாதிப் பேர் எப்படியும் இரவு தங்கிவிடுவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் கொட்டைக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி.