விளக்கெண்ணெயும் எஃகுக் குண்டும்: பாய்மத்தின் அடர்த்தியையும் பாகுநிலையையும் நீங்களே அளக்கலாம்

பொறியியல் முதலாண்டில், திரவம், வாயு ஆகிய பாய்மங்களைப் பற்றிய பாய்மவியலைத் தொடங்குவோரில் பலர் அடர்த்தியையும் பாகுநிலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வரையறையை மனப்பாடம் செய்வதால் இந்தக் குழப்பம் தீராது. இரண்டையும் ஒரே எண்ணெயில் அளந்து பார்த்தால் தீரும். அதற்கு விளக்கெண்ணெயைவிட நல்ல பாய்மம் எனக்குத் தெரியவில்லை.

தேவையானவை: 1 லிட்டர் அளவு உருளை, அது நிறைய விளக்கெண்ணெய், சமையலறைத் தராசு, வெப்பமானி, பேரிங் கடையில் கிடைக்கும் 2 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டுகள், காந்தம், கைபேசி.

முதல் படி, அடர்த்தி. காலி உருளையை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 100 மி.லி. எண்ணெய் ஊற்றி மறுபடி எடைபோடுங்கள். வித்தியாசம் சுமார் 96 கிராம் வரும். அதாவது கன மீட்டருக்கு 960 கிலோகிராம்; ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 0.96. தண்ணீரைவிட இது இலேசானது என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, பாகுநிலை. பாய்மத்தின் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் வழுக்கும்போது எழும் தடையே இது. அடுக்குகளுக்கு இடையே வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ, அந்த அளவுக்குத் தடையும் கூடும் என்று 1687-இல் நியூட்டன் கருதினார். இந்த விகிதத்தின் மாறிலிதான் பாகியல் எண்.

உருளையை எண்ணெயால் நிரப்பிச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். காற்றுக் குமிழ்கள் வெளியேற வேண்டும். மேல்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே ஒரு கோடு, அதற்கு 20 செ.மீ. கீழே இன்னொரு கோடு. குண்டை முதலில் எண்ணெயில் நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குமிழ் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும். பிறகு உருளையின் நடுவில், மேல்மட்டத்தைத் தொட்டாற்போல் விடுங்கள். சில மில்லிமீட்டர் இறங்குவதற்குள் எடையும் மிதப்பு விசையும் பாகியல் விசையும் சமநிலைக்கு வந்து, குண்டு அதன்பின் மாறாத வேகத்தில் இறங்கும். அந்த வேகமே முற்றுத்திசைவேகம். கைபேசியில் படம்பிடித்து இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரே அளவை நம்பாதீர்கள்; பல குண்டுகளை விட்டுச் சராசரி எடுங்கள். அடியில் கிடக்கும் குண்டுகளைக் காந்தத்தால் உருளையின் வெளிப்புறமாகவே இழுத்து மேலேற்றிவிடலாம்.

மூன்றாம் படி, கணக்கு. பாய்மத்தில் மெதுவாக இறங்கும் குண்டின் மீதான தடையைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி:

பாகியல் எண் = 2 × ஆரம்² × (குண்டின் அடர்த்தி − எண்ணெயின் அடர்த்தி) × புவியீர்ப்பு முடுக்கம் ÷ (9 × முற்றுத்திசைவேகம்)

30 டிகிரி செல்சியஸில் 20 செ.மீ. கடக்க 6 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 0.0333 மீட்டர். ஆரம் 0.001 மீட்டர், எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7800 கிலோகிராம். விடை சுமார் 0.45 பாஸ்கல் விநாடி. அதே வெப்பநிலையில் தண்ணீருக்கு இது ஏறத்தாழ 0.0008 மட்டுமே. தண்ணீரைவிட இலேசான எண்ணெய், தண்ணீரைப் போல் 500 மடங்குக்கு மேல் தடை தருகிறது!

உங்களுக்குக் கிடைக்கும் எண் இதைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தால் பதற வேண்டாம். உருளையின் சுவர் குண்டின் வேகத்தைக் குறைக்கிறது, 6 செ.மீ. விட்டமுள்ள உருளையில் இந்தப் பாதிப்பு சுமார் 7 சதவீதம். வெப்பநிலையைக் குறிக்காத அளவீட்டுக்கோ மதிப்பே இல்லை: 40 டிகிரியில் விளக்கெண்ணெயின் பாகியல் எண் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வாயுக்களில் இது நேர்மாறு. சூடேறினால் பாகுநிலை கூடும்.

கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் நிலைம விசை பாகியல் விசையைப் போல் எத்தனை மடங்கு என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைச் சரிபாருங்கள்: அடர்த்தி × வேகம் × விட்டம் ÷ பாகியல் எண். நம் சோதனையில் 0.14. ஒன்றைவிட நன்கு குறைவாக இருந்தால்தான் ஸ்டோக்ஸ் விதி செல்லும். தேங்காய் எண்ணெயில் இதே குண்டை விட்டால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு 1 மி.மீ. கண்ணாடி மணியைப் பயன்படுத்துங்கள்.